டேட்டாஷீட்டில் இல்லாத இரண்டு வரிகள்: டெப்த் கேமரா செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தூரம் சொல்லும் டெப்த் கேமராக்களை வடிவமைக்கும், தயாரிக்கும், விற்கும் நண்பர்களுக்கு,

உங்கள் கேமராக்களை வாங்கி, கிடங்குகளிலும் ஆலைகளிலும் ஓடும் தானியங்கி வண்டிகளில் பொருத்துவது என் வேலை. சென்னை, பெங்களூர், கலிஃபோர்னியா என்று உங்கள் ஆய்வுக்கூடம் எங்கே இருந்தாலும் அங்கே தமிழ் படிக்கிறவர் ஒருவராவது இருப்பார். அவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார் என்ற நம்பிக்கையில் தமிழிலேயே எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த 15 ஆண்டுகளில் உங்களுக்குள் நடந்த போட்டி விலையை இறக்கியது, படத்தைக் கூர்மையாக்கியது, கேமராவை உள்ளங்கைக்குள் அடக்கியது. அதற்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் வாங்குகிறவனுக்கு மிகவும் வேண்டிய இரண்டு விஷயங்களில் நீங்கள் இன்னும் போட்டியிடத் தொடங்கவில்லை. கேமரா சொல்லும் தூரத்தை எந்த இடத்தில் எவ்வளவு நம்பலாம் என்பது ஒன்று. அந்தக் கேமரா எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்பது மற்றொன்று. டேட்டாஷீட்டில் இரண்டு வரி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எங்களுக்கு அடி அதிகம்.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வந்தது. அதற்கு முன்பும் டெப்த் கேமராக்கள் இருந்தன. சுவிட்சர்லாந்தின் மேசா இமேஜிங் செய்த ஸ்விஸ்ரேஞ்சர் 176க்கு 144 புள்ளிகளில் தூரப்படம் தந்தது. விலையோ ஆயிரக்கணக்கான டாலர். பெரிய ஆய்வுக்கூடங்கள்தான் வாங்க முடிந்தது. கினெக்ட் 640க்கு 480 புள்ளிகளில், நொடிக்கு 30 படம் வீதம், 150 டாலருக்குக் கொடுத்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் கினெக்ட் விற்று கின்னஸ் பதிவில் ஏறியது. வீடியோ கேம் ஆடத்தான் அதை விற்றார்கள். ஆனால் நியூயார்க்கின் அடாஃப்ரூட் நிறுவனம், கணினியில் கினெக்டை இயக்கும் திறந்த டிரைவர் எழுதுபவருக்குப் பரிசு அறிவித்தது. ஹெக்டர் மார்ட்டின் என்ற ஸ்பானிய இளைஞர் சில நாட்களிலேயே எழுதி முடித்துவிட்டார். அடுத்த சில மாதங்களில் உலகத்தின் பாதி ரோபோ ஆய்வுக்கூடங்களில் வண்டிகளின் தலையில் ஒரு கினெக்ட் உட்கார்ந்திருந்தது. என் தலைமுறைப் பொறியாளர்கள் பலர் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் கறுப்புப் பெட்டியால்தான்.

கினெக்டுக்குள் இருந்த நுட்பம் டெல் அவிவின் பிரைம்சென்ஸ் உடையது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுதும் தெளித்து, அவை விழும் இடம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துத் தூரம் கணக்கிடும் முறை. பிரைம்சென்ஸ் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. ரோபோ உலகில் அன்று பெரிய பெயராக இருந்த வில்லோ கராஜுடன் சேர்ந்து ஓப்பன்என்ஐ என்ற பொது மென்பொருள் அடுக்கை உருவாக்கியது. யார் செய்த கேமராவாக இருந்தாலும் எங்கள் நிரல் ஒன்றாகவே இருக்கலாம் என்பது அதன் நோக்கம்.

2013 நவம்பரில் ஆப்பிள் பிரைம்சென்ஸை வாங்கியது. சுமார் 36 கோடி டாலர் என்று செய்தி வந்தது. 2014 ஏப்ரலில் ஓப்பன்என்ஐயின் இணையத்தளம் மூடப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆக்சிபிடல் அந்த நிரலை எடுத்துத் தன் இடத்தில் வைத்திருந்ததால் அது காற்றோடு போகவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இன்றும் நன்றியோடு நினைக்கிறவர்கள் உண்டு. ஆப்பிள் வாங்கிய நுட்பம் 2017ல் ஐஃபோன் எக்ஸின் நெற்றியில், 30,000க்கு மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் வீசும் கண்ணாக வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கினெக்ட் தயாரிப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னது. ஒரே இலையுதிர் காலத்தில் ஒரு நுட்பம் கோடிக்கணக்கான சட்டைப் பைகளுக்குள் போனது. அதை முதலில் நம்பி வேலை கட்டியவர்கள் கையில் உதிரி பாகம் கிடைக்காத பெட்டி மிஞ்சியது.

பிறகு நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கைபேசியில் தூரம் அளக்கும் கூகுளின் டேங்கோ நுட்பம் 2014ல் அறிவிக்கப்பட்டது, 2016ல் லெனோவோ ஃபேப் 2 ப்ரோவில் கடைக்கு வந்தது, 2018 மார்ச் 1ல் நின்றது. இன்டெல் 2019ல் டி265 என்ற இடமறியும் கேமராவையும், ஆண்டு முடிவில் எல்515 என்ற லைடார் கேமராவையும் கொண்டுவந்தது. இரண்டுமே அருமையான சாதனங்கள். 2021 ஆகஸ்டில் இவை அடங்கிய ரியல்சென்ஸ் தொழிலையே சுருக்கப்போவதாக இன்டெல் அறிவித்தது. இரண்டு லென்ஸ் படங்களை ஒப்பிட்டுத் தூரம் சொல்லும் டி400 வரிசை ஸ்டீரியோ கேமராக்கள் தொடரும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். மற்ற இரண்டும் போய்விட்டன. மைக்ரோசாஃப்டின் அஷூர் கினெக்ட் 2019ல் 399 டாலருக்கு வந்து, 2023 அக்டோபரோடு தயாரிப்பு நின்றது.

இவற்றில் எதுவும் மோசமான கேமரா என்பதால் போகவில்லை. இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கினெக்ட் வரவேற்பறைக்காகப் பிறந்தது. டேங்கோ கைபேசிக்காக. ரியல்சென்ஸ் தொடக்கத்தில் மடிக்கணினிக்காக. கையசைத்துக் கணினியை இயக்கும் காலம் வந்துவிட்டது என்று 2014ல் இன்டெல் நம்பியது. நாங்கள், ரோபோ செய்கிறவர்கள், அந்த விருந்துகளில் அழைப்பில்லாமல் வந்து சாப்பிட்டவர்கள். விருந்து வைத்தவருக்கு ஆசை தீர்ந்ததும் இலையை எடுத்துவிட்டார்கள். எங்களைக் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் நாங்கள் இல்லவே இல்லை.

இப்போது கணக்கு மாறிவிட்டது. ரியல்சென்ஸ் 2025 ஜூலையில் 5 கோடி டாலர் முதலீட்டோடு இன்டெலிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. ரோபோக்களும் முகம் பார்த்துக் கதவு திறக்கும் கருவிகளும்தான் இனி தன் சந்தை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஷென்செனின் ஆர்பெக் 2013ல் தொடங்கி, 2022ல் ஷாங்காய் ஸ்டார் சந்தையில் பட்டியலாகும் அளவுக்கு வளர்ந்தது. அஷூர் கினெக்ட் நின்றபோது மைக்ரோசாஃப்டின் அதே நுட்பத்தை உரிமம் பெற்று ஃபெம்டோ போல்ட் என்று தொடர்ந்து செய்ததும் ஆர்பெக்தான். அந்த ஒரு செயல் எத்தனையோ மருத்துவ, உடலசைவு ஆய்வுக்குழுக்களின் வேலையைக் காப்பாற்றியது. பிரான்சின் ஸ்டீரியோலேப்ஸ், அமெரிக்காவின் லக்சோனிஸ், சென்னையிலேயே ஸ்டீரியோ கேமராவும் டைம் ஆஃப் ஃப்ளைட் கேமராவும் செய்யும் ஈ-கான் சிஸ்டம்ஸ், சென்சார் தளத்தில் 2015ல் பெல்ஜியத்தின் சாஃப்ட்கைனெடிக்கை வாங்கி இந்தத் துறைக்குள் வந்த சோனி, ஜெர்மனியில் பிஎம்டியோடு சேர்ந்து செய்யும் இன்ஃபினியன் என்று பெரும் கூட்டமே நிற்கிறது. முதல்முறையாக உங்களில் பலருக்கு முதன்மை வாடிக்கையாளர் நாங்கள்தான். அதனால்தான் இப்போது கேட்கத் துணிகிறேன்.

ஒரு கேமரா வகை நின்றுவிட்டால் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்கள் விற்பனைப் பிரிவு பார்த்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் வண்டிகளில் பொருத்தியிருந்த ஒரு வகைக்கு அப்படி அறிவிப்பு வந்தது. கடைசிக் கொள்முதலுக்குக் கொடுத்த அவகாசம் வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கவே போதவில்லை. புதிய கேமராவின் லென்ஸ் இடைவெளி வேறு, பார்வைக் கோணம் வேறு. எனவே தாங்கும் பிராக்கெட்டை மாற்ற வேண்டும். கேபிள் திரும்பும் இடம் மாறும். எஸ்டிகே வேறு, டிரைவர் வேறு. தரைக்கும் தடைக்கும் நடுவே நாங்கள் கோடு போட்டிருந்த எண்கள் எல்லாம் பழைய கேமராவின் இரைச்சலுக்கு ஏற்ப வைத்தவை. ஒவ்வொன்றையும் திரும்ப வைக்க வேண்டும். பிறகு ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் மறுபடி சோதித்து, வாடிக்கையாளரின் பாதுகாப்பு அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கேமராவின் விலை அந்தச் செலவில் மிகச் சிறிய பகுதி. 300 டாலர் கேமராவை 250க்குத் தருகிறேன் என்று என்னிடம் வரும் உங்கள் விற்பனையாளருக்கு இது புரிந்தால், அவர் வேறு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்.

ராஸ்ப்பெரி பை தன் ஒவ்வொரு பலகைக்கும், குறைந்தது எந்த ஆண்டு வரை தயாரிப்பில் இருக்கும் என்று எழுதிவைக்கிறது. என்விடியா தன் ஜெட்சன் மாட்யூல்களுக்கு அப்படியே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சில்லுக்கும் பலகைக்கும் முடிகிற காரியம் கேமராவுக்கும் முடியும். உள்ளே இருக்கும் லேசரும் சென்சாரும் வேறொருவர் செய்வது, அவர் நிறுத்தினால் நாங்கள் என்ன செய்வோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே சொல்கிறேன்: நீங்கள் உறுதியாகத் தரக்கூடிய ஆண்டை மட்டும் போடுங்கள். 4 ஆண்டு என்றால் 4 ஆண்டு. அதை வைத்து நாங்கள் திட்டமிட்டுக்கொள்வோம். நிறுத்தியே ஆக வேண்டிய நாள் வந்தால் காலிபரேஷன் செய்யும் கருவியையும், கடைசி ஃபர்ம்வேரையும், டிரைவரின் மூல நிரலையும் வெளியே வைத்துவிட்டுப் போங்கள். பணியிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கேமரா ஒன்று கீழே விழுந்து லென்ஸ் மயிரிழை நகர்ந்தாலும், அதை மீண்டும் அளவுபடுத்த எங்களுக்கு வழி இருக்க வேண்டும்.

இனி முதல் வரிக்கு வருகிறேன்.

ஸ்டீரியோ கேமராவில் பிழை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் உங்கள் விளம்பரத் தாள்களை வாசிக்கும் கொள்முதல் அதிகாரிக்கு அது தெரியாது. பிழை 2 சதவீதத்துக்குள் என்று பெரிய எழுத்தில் போட்டு, 2 மீட்டரில் என்பதைச் சிறிய எழுத்தில் போடுகிறீர்கள். சிலர் அதையும் போடுவதில்லை. 2 மீட்டரில் 2 சதவீதம் என்றால் 4 செ.மீ. அதே கேமரா 4 மீட்டரில் 16 செ.மீ. தவறும், அதாவது 4 சதவீதம். 6 மீட்டரில் 36 செ.மீ. தாளில் வீச்சு 10 மீட்டர் என்று இருக்கும். அந்த 10ஐயும் இந்த 2ஐயும் ஒரே வரியில் வாசிக்கும் ஒருவர், 10 மீட்டரில் 20 செ.மீ. பிழை என்றுதான் எண்ணிக்கொள்வார். உண்மையில் அங்கே பிழை 1 மீட்டர்.

டைம் ஆஃப் ஃப்ளைட் கேமராக்களின் சிக்கல் வேறு. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்ல வேண்டும், 1 செ.மீ. வித்தியாசம் என்பது சுமார் 67 பிக்கோநொடி. இதை ஒரு சில்லுக்குள், ஒவ்வொரு புள்ளியிலும் செய்கிறீர்கள் என்பதே எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் ஒளியை 100 மெகாஹெர்ட்ஸில் துடிக்கவிட்டு, திரும்பி வரும் துடிப்பின் கட்டத்தை அளக்கும் கேமராவில் 1.5 மீட்டருக்கு ஒருமுறை எண் திரும்பச் சுழியத்திலிருந்து தொடங்கும். 1.7 மீட்டரில் நிற்கும் தூண் 20 செ.மீ.யில் நிற்பதுபோலத் தெரியும். இரண்டு மூன்று அலைவெண்களைச் சேர்த்து இதை அவிழ்க்கிறீர்கள். பெரும்பாலும் சரியாகவே அவிழ்கிறது. ஒளி மங்கலாகத் திரும்பும் கறுப்புப் பரப்பில் எத்தனை முறைக்கு ஒருமுறை தவறாக அவிழும் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அறை மூலையில் ஒளி ஒரு சுவரில் பட்டு மறுசுவருக்குத் தாவி வரும்போது மூலை உருண்டையாகத் தெரிவதும் எல்லோருக்கும் தெரிந்த குறை, யாரும் அளவு போடாத குறை.

நாங்கள் வேலை செய்யும் இடத்தில் வெள்ளைச் சுவர் கிடையாது. பேலட்டைச் சுற்றிய ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் இருக்கிறது. அது ஒரு கோணத்தில் கண்ணாடி, மறு கோணத்தில் ஒன்றுமே இல்லை. ஃபோர்க்லிஃப்டின் முள் இருக்கிறது: மெல்லியது, தேய்ந்து பளபளப்பது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது. கறுப்பு ரப்பர் டயர், பாலிஷ் போட்ட கிரானைட் தரை, அலுவலகப் பகுதிக்குப் போகும் கண்ணாடிக் கதவு. லாரி நிற்கும் டாக் கதவு திறக்கும்போது உச்சி வெயில் நேராக உள்ளே விழும். 940 நானோமீட்டருக்குப் போனால் காற்றின் நீராவி அந்த நிறத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் வெயிலின் தொல்லை குறையும் என்பது உண்மை. குறையும் என்றால் எவ்வளவு? வண்டி ஒரு முள்ளைப் பார்க்கத் தவறினால் அங்கே நிற்பவரின் கணுக்கால் போகும். எங்களுக்கு இது படத்தின் அழகு பற்றிய விஷயம் அல்ல. ஆட்கள் இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தும் கடைசிப் பொறுப்பை இன்றும் பாதுகாப்புச் சான்று பெற்ற லேசர் ஸ்கேனரிடம்தான் கொடுக்கிறோம். அது ஒரு தளத்தை மட்டும்தான் பார்க்கும் என்பது தெரிந்தும் கொடுக்கிறோம், ஏனென்றால் அதன் தாளில் இருக்கும் எண்ணுக்கு ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார். சிக் நிறுவனம் சேஃப்விஷனரி2 என்ற முப்பரிமாணக் கேமராவுக்கே அத்தகைய சான்று பெற்றுக் காட்டியது. ஆக, முடியாத காரியம் அல்ல.

நேர்மையான தாள் எப்படி இருக்கும் என்பதற்கு உங்களுக்குள்ளேயே ஒரு முன்மாதிரி உண்டு. அஷூர் கினெக்டின் ஆவணத்தில், 15 முதல் 95 சதவீதம் வரை ஒளியைத் திருப்பும் பரப்புகளில் ஒவ்வொரு பார்வை முறைக்கும் வீச்சு எவ்வளவு, சுற்றுப்புற ஒளி எவ்வளவு இருந்தபோது அளந்தது, படத்துக்குப் படம் துள்ளும் பிழை 17 மி.மீ.க்குள், நிலையாக ஒரு பக்கம் சாயும் பிழை 11 மி.மீ.யும் அதோடு தூரத்தில் 0.1 சதவீதமும் என்று பிரித்து எழுதியிருந்தார்கள். ஒளி பல வழியில் தாவி வரும் இடங்களுக்கு இந்த எண் பொருந்தாது என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அதை வாசித்தவன் எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று ஒரு பக்கத்தில் தெரிந்துகொண்டான். அந்தக் கேமராவை நிறுத்திவிட்டார்கள். எழுதிய முறையையாவது எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தொழிற்சாலைக் கேமராக்களுக்கு இஎம்விஏ 1288 என்ற பொது அளவீட்டு முறை வந்த பிறகு, இரண்டு நிறுவனங்களின் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. அதனால் நல்ல கேமரா செய்தவர் யாரும் நட்டப்படவில்லை.

இன்னொன்றும் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024ல் வந்த டெப்த் எனிதிங், ஆப்பிளின் டெப்த் ப்ரோ போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒரே ஒரு சாதாரணப் படத்திலிருந்து தூரப்படம் வரைந்து காட்டுகின்றன. 2025ல் என்விடியாவின் ஃபவுண்டேஷன் ஸ்டீரியோ, இரண்டு லென்ஸ் படங்களைப் பொருத்தும் வேலையை நரம்பு வலையிடம் கொடுத்து, பழைய முறைகள் ஓட்டை விட்ட இடங்களையெல்லாம் நிரப்பியது. உங்களில் சிலர் இவற்றைக் கேமராவுக்குள்ளேயே ஏற்றத் தொடங்கிவிட்டீர்கள். படம் கண்ணுக்கு மிக அழகாக இருக்கிறது. கண்ணாடிக் கதவுகூடத் திடமாகத் தெரிகிறது. நான் இந்த முன்னேற்றத்தை வரவேற்கிறேன். ஆனால் பழைய கேமராவில் தெரியாத இடம் கறுப்பாக இருந்தது. வண்டி அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. இப்போது அந்தக் கறுப்பு இடத்தில் வலை ஊகித்த ஒரு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அளந்த தூரத்துக்கும் ஊகித்த தூரத்துக்கும் எண்ணில் வித்தியாசம் தெரியாது. தயவுசெய்து ஒவ்வொரு புள்ளிக்கும், இது அளந்ததா ஊகித்ததா என்று ஒரு பிட் கொடுங்கள். நிரப்பாத மூலப்படத்தையும் கேட்டால் தரும்படி வையுங்கள். எங்கே வேகத்தைக் குறைப்பது என்ற முடிவை வண்டி செய்தவனிடம் விட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் உங்களுக்குச் செலவு என்பதை அறிவேன். ஷென்செனிலிருந்து மாதம் ஒரு புதிய வகை, போன மாதத்தைவிடக் குறைந்த விலையில் வரும் சந்தையில் எந்தப் பொறியாளரும் தன் மேலதிகாரியிடம் போய், நம் பிழையைப் பெரிதாக எழுதுவோம் என்று சொல்ல முடியாது. முதலில் உண்மையை எழுதுகிறவருக்குத் தாளில் தோற்றதுபோல இருக்கும். அதனால் இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. கொள்முதல் கேட்புத் தாளில் அதிகபட்ச வீச்சு, மிகக் குறைந்த விலை என்று இரண்டே கட்டங்களை வைத்து உங்களை அந்தப் போட்டிக்குள் தள்ளியவர்கள் வாங்குகிறவர்கள்தான். என் குழுவின் கேட்புத் தாளில் இப்போது தூரம், பரப்பு, வெளிச்சம் மூன்றையும் சொல்லாத பிழை எண்ணை ஏற்பதில்லை என்றும், தயாரிப்பு எந்த ஆண்டு வரை என்று எழுத்தில் தராத கேமராவைப் புதிய வண்டிக்கு எடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறோம். அப்படி எழுதித் தருகிறவருக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.

சோதனைக்குத் தேவையான இடமும் பொருளும் எங்களிடம் உண்டு: ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றிய பேலட், தேய்ந்த முள், கறுப்பு டயர், ஈரமான கிரானைட், கண்ணாடிக் கதவு, மேற்கே பார்த்த டாக் கதவு. அரை மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர் என்று வைத்து, நிழலிலும் வெயிலிலும் அளக்கிறோம். உங்கள் அடுத்த கேமராவைச் சந்தைக்கு விடுவதற்கு முன் எங்களிடம் அனுப்பினால், முழு அளவீட்டையும் உங்களுக்கே முதலில் தருகிறோம். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அந்த எண்களை உங்கள் டேட்டாஷீட்டில் போடச் சம்மதிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அன்புடன்,
உங்கள் கேமராக்களை வண்டியில் பொருத்தும் பொறியாளர் ஒருவர்